படர்தாமரைக் களிம்பு: டியூப்பைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என் கணவர் கெலமங்கலம் பக்கம் ரோஜா பசுமைக்குடிலில் வேலை செய்கிறார். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்ததால், மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினோம். பூசிய இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகப் படர்ந்தது. மூன்று மாதத்தில் ஆறு டியூப் தீர்ந்துவிட்டது. இப்போது தொடையில் வெள்ளை வரிகள் தெரிகின்றன. அது போலி மருந்தா? எதை வாங்குவது? புகார் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: போலி மருந்தாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் காலி டியூப் இருந்தால் அதைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். இத்தகைய டியூப்களில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று என மூன்று, நான்கு மருந்துகள் சேர்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் சிவப்பும் அரிப்பும் உடனே தணிகின்றன. ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும். தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் ஸ்டீராய்டு கூடுதலாக உறிஞ்சப்பட்டுத் தோலை மெலியச் செய்கிறது. நீங்கள் சொல்லும் வரிகள் அப்படி வந்தவையாக இருந்தால், அவை முழுதாக மறைவது அரிது என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன்.

புதிதாகப் படர்தாமரை வந்த ஒருவர் வாங்க வேண்டியது ஒரே ஒரு பூஞ்சைக்கொல்லி மட்டும் உள்ள களிம்பு: குளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் போன்றவை. மருந்தும் சதவீதமும் கிராமும் ஒன்றாக இருந்தும், கம்பெனிக்குக் கம்பெனி விலை பல மடங்கு மாறுவதுண்டு. குளோட்ரிமசோல் களிம்பு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது; மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலோர் தவறுவது அளவில்தான். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். நான்கு உள்ளங்கை அளவு படர்ந்திருந்தால், காலையும் இரவும் பூச ஒரு நாளைக்கு 2 கிராம் ஆகும். 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். குளோட்ரிமசோலை இரண்டு முதல் நான்கு வாரம் பூச வேண்டியிருக்கும் என்பதால், ஒரு டியூப்போடு நிறுத்தினால் நோய் திரும்பி வருவதில் வியப்பில்லை. வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். படை மங்கிய பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். குடிலின் புழுக்கத்தில் நனைந்த உடையை வேலை முடிந்ததும் மாற்றி, வெயிலில் உலர்த்த வேண்டும். துண்டைப் பகிரக் கூடாது. இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் ஆறும்வரை கழற்றி வைப்பது நல்லது, ஏனெனில் ஈரமான கயிறு பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் உங்கள் கணவர் இன்னொரு களிம்பை வாங்கிப் பூசிப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஸ்டீராய்டை நிறுத்தியதும் அரிப்பு சில நாள் கூடும்; அதற்குப் பயந்துதான் பலர் பழைய டியூப்பையே மறுபடி வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், மாத்திரையும் தேவைப்படலாம். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதற்கு இருந்த விலக்கு 2018-இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே சீட்டில்லாத விற்பனை குறித்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். இரண்டுக்கும் பில் முக்கியம், அது இல்லையென்றால் தொகுப்பு எண் (Batch No.) தெரியும் காலி டியூப்களையாவது பத்திரப்படுத்துங்கள். மருத்துவரும் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.