முதல் சண்டையிலேயே மூணு பேரும் அவுட், 1,499 ரூபா பேக் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, போன மாசம்தான் முதல் தடவையா டிஎம்மா, அதாவது கதைய நடத்துறவனா, உக்காந்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு டைஸ் உருட்டிக் கதையா ஆடுற கேம், 2014 ஸ்டார்ட்டர் செட், ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட இருந்து வாங்குனது. ஆடுறவங்க மூணே பேரு, மூணு பேருக்குமே புதுசு, எல்லாம் முதல் லெவல் கேரக்டர். ரோட்டோரமா நாலு காப்ளின் (குட்டி அரக்கனுங்க) ஒளிஞ்சிருந்து அடிக்கிற முதல் சீன்லயே நாப்பது நிமிஷத்துல எல்லாரும் காலி. வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க, மூணு மணி நேரம்தான். டெலிகிராம்ல ஒருத்தர் "பிகினர் அட்வென்ச்சர் மெகா பேக்" 1,499 ரூபான்னு சொல்றார். வாங்கலாமா, நானே எழுதணுமா? மறுபடி செத்துட்டாங்கன்னா இனிமே யாரும் வரமாட்டாங்க.
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

வாங்காதீங்க தம்பி. மொதல்ல இதச் சொல்லிடுறேன், ஏன்னா வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்படி ஒரு பேக்க வாங்கிட்டு வந்துதான் என்கிட்ட கேக்குறாங்க. இந்த மாதிரி பேக்குல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், நானும் ஒரு தடவை ஏமாந்தவன்தான். பேசிக் ரூல்ஸ் கம்பெனி சைட்லயே ஃப்ரீயா குடுத்தது. ரூல்ஸோட அடிப்படைத் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1ன்னு சொல்வாங்க, அத 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்லயே விட்டுட்டாங்க, யார் வேணா எடுக்கலாம். இதையெல்லாம் ஒரு ஜிப் ஃபைல்ல போட்டு, கூட எங்கயோ சுட்ட நாலு மேப்ப சேத்து, "300 பக்கம்"னு விப்பாங்க. நான் வாங்குனதுல ஒரு கோட்டை மேப் இருந்துச்சு, உள்ள போறதுக்கு வாசலே கிடையாது. கேட்டா குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க. டைஸ் செட் தனியா 600, டிஎம் நோட்ஸ மறைக்கிற ஸ்க்ரீன் தனியா 900ன்னு அடுத்த தூண்டில் வரும், ஃபோன்ல டைஸ் ஆப் போதும், ஸ்க்ரீனுக்கு ரெண்டு நோட்டுப் புக்க நிக்க வச்சா போதும்.

உங்ககிட்ட இருக்கற பெட்டியே போதும். அதுல 64 பக்க அட்வென்ச்சர் புக், 32 பக்க ரூல் புக், அஞ்சு ரெடிமேட் கேரக்டர், ஆறு டைஸ் இருக்கணும், எதுவும் தொலையலன்னா. கேரக்டர புதுசா போட ஒக்காந்துடாதீங்க, மூணு புது ஆளுக்கு அதுக்கே ஒன்றரை மணி நேரம் போயிடும், அப்புறம் விளையாட ஏது நேரம்.

இப்ப உங்க பயத்துக்கு வருவோம். நீங்க ஒண்ணும் தப்பா நடத்தல. அஞ்சு கேரக்டர் வச்சிருக்கற பெட்டிய மூணு பேர வச்சு ஆடுனீங்க, அவ்வளவுதான். முதல் லெவல் கேரக்டர் மண் சட்டி மாதிரி, தட்டுனா ஒடஞ்சிடும். மந்திரவாதிக்கு ஹிட் பாயின்ட், அதாவது உயிர் அளவு, ஏழு எட்டு இருக்கும். காப்ளினோட ஒரு அடி சராசரியா அஞ்சு, ஆறு போகும், அதுவும் மந்திரவாதி மாதிரி கவசம் இல்லாத ஆளு மேல பாதிக்கு மேல படும். அப்ப ரெண்டு அம்பு பட்டா ஆளு கீழ. இவங்க திருப்பி அடிக்கலாம்னா காப்ளின் அடிச்சுட்டு அதே டர்ன்லயே புதருக்குள்ள ஒளிஞ்சுக்குவான், அந்தத் திறமை அவனுக்கு உண்டு. நாலு பேரு ஒளிஞ்சிருந்து அடிச்சா புது ஆளுங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

இதுல புக்கு கணக்கு எப்படி இருக்குன்னு பாருங்க. 2014 டிஎம் கைடுல சண்டை எவ்வளவு கஷ்டம்னு பாக்க ஒரு டேபிள் இருக்கு, ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட், எண்ணிக்கை கூடக்கூட ஒரு பெருக்கல் வரும். அந்தப் பெருக்கல விடுங்க, ரிசல்ட்ட மட்டும் சொல்றேன். முதல் லெவல் ஆளுங்க மூணு பேருக்கு ரெண்டு காப்ளின்னா "மீடியம்". மூணு காப்ளின்னா நேரா "டெட்லி", ஆளு சாகற அளவு. நடுவுல "ஹார்டு"ன்னு ஒரு படி இருக்கு, அதத் தாண்டிக் குதிச்சிடுது, ஒரே ஒரு காப்ளின் கூடுனதுக்கு! நீங்க வச்சது நாலு. நாலு பேரு ஆடியிருந்தாலும் நாலு காப்ளின் சரியா டெட்லி கோட்டு மேலதான் வந்து நிக்குது. புதுசா ஆடுறவனுக்குன்னு வித்த பெட்டில முதல் சண்டையே இப்படி, என்னத்தச் சொல்ல.

சரி புது புக்கு வாங்கலாமான்னு கேப்பீங்க. 2024 கைடுல அந்தப் பெருக்கலையே எடுத்துட்டாங்க, அதுல அதே மூணு பேருக்கு மூணு காப்ளின் "லோ", அதாவது ரொம்ப லேசு. ஒரு புக்குல சாவு, இன்னொரு புக்குல டீ குடிச்சுட்டே முடிச்சுடலாம். சரி காப்ளின் எளைச்சுட்டானான்னு பாத்தா அதுவும் இல்ல, அவனோட ஹிட் பாயின்ட் 7ல இருந்து 10 ஆயிருக்கு. பத்து வருஷம், ரெண்டு புக்கு, ஒரு புதுப் பையனுக்கு எத்தன காப்ளின் வைக்கலாம்னு நேரா ஒரு பதில் இல்ல. நான் சொல்றேன்: ஆளுக்கு ஒரு காப்ளின், மொத்தத்துல ஒண்ணு கம்மி. மூணு பேருக்கு ரெண்டு. முடிஞ்சது.

இன்னொண்ணு இருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, கவனிக்கிற மாதிரி எழுதவும் இல்ல. அந்த ரோட்டுச் சண்டையில இவங்க தோத்துட்டா காப்ளினுங்க கொல்ல மாட்டாங்க, மயக்கத்துல விட்டுட்டு வண்டியையும் காசையும் கொள்ளையடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு அந்தப் புக்குலயே இருக்கு. அதையும் நடக்க வாய்ப்பு கம்மிங்கற தோரணையில போற போக்குல ஒரு வரி. இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா உங்க கவலைக்கு மருந்தே இதுலதான் இருக்கு. ஹிட் பாயின்ட் பூஜ்யம் ஆனா செத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. கீழ விழுந்தவன் அவன் டர்ன்ல இருபது பக்க டைஸ உருட்டுவான், 10ம் அதுக்கு மேலயும் விழுந்தா நல்லது, மூணு நல்லது சேந்தா உயிர் தங்கும், மூணு கெட்டது சேந்தா சாவு. 20 விழுந்தா எந்திரிச்சே நின்னுடுவான், 1 விழுந்தா ரெண்டு கெட்டதா எண்ணணும். இது போக, அடிக்கிறவன் கிட்டக்க நின்னு அடிச்சு வீழ்த்துனா, கொல்லாம மயக்கம் போட மட்டும் வைக்கிறேன்னு சொல்லிக்கலாம். ஆனா கிட்டக்க நின்னு அடிச்சாத்தான். அம்பு விட்டு வீழ்த்திட்டு மயக்கம்தான்னு சொல்ல முடியாது, கத்தியையே தூக்கி எறிஞ்சாலும் முடியாது. மந்திரமா இருந்தா, தொட்டு அடிக்கிற மந்திரம்னா சரி, தூரத்துல இருந்து விடுறதுன்னா கிடையாது. அப்ப என்ன பண்ணணும்? உங்க காப்ளினுங்ககிட்ட இருந்து வில்லப் புடுங்கிடுங்க, கையில கத்தி மட்டும். அவ்வளவுதான், அப்புறம் தோத்தாலும் கதை நிக்காது, கண்ணு முழிச்சா கைய கட்டி எங்கயோ போட்டிருக்காங்க, அது அடுத்த சீன்.

ஞாயித்துக்கிழமைக்கு அதே ரோட்டுக்கு மறுபடி கூட்டிட்டுப் போகாதீங்க, போன தடவ செத்த எடம். உலகம், ராஜ வம்சம், ஆயிரம் வருஷ சாபம் இதெல்லாம் எழுதவும் வேண்டாம். மூணு மணி நேரத்துக்கு ஒரு எடம், ஒரு பிரச்சனை போதும். ஒண்ணு சொல்றேன், எடுத்துக்கோங்க. ஆத்தங்கரையில படகுத்துறை, பனி இறங்குற ஊரு. படகுக்காரக் கெழவி ராத்திரி மணி அடிச்சாத்தான் கரை எங்கன்னு படகுக்காரங்களுக்குத் தெரியும். மூணு நாளா மணியக் காணோம், நேத்து ஒரு படகு பாறையில மோதிடுச்சு. மேட்டுல இடிஞ்சு கெடக்கற பழைய காவல் கோபுரத்துல இருக்கற காப்ளினுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்னா, அங்க ஒருத்திக்கு இப்பத்தான் கொழந்த பொறந்திருக்கு, மணிச் சத்தத்துக்கு அது தூங்க மாட்டேங்குது. பித்தளைய விக்கவெல்லாம் இல்ல.

பாத்தீங்களா, இப்ப சண்ட போட்டும் முடிக்கலாம், பேசியும் முடிக்கலாம், ராத்திரி போய்த் திருடியும் முடிக்கலாம். கோபுரத்தடில ரெண்டு காப்ளின் காவல், அதுல ஒருத்தன் தூங்கி வழியட்டும். மேல ரெண்டு பேரு, ஒண்ணு தாய்க்காரி, அவ அடிக்க வரமாட்டா, கொழந்தைய விட்டுட்டு எங்க வருவா. நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு எடுக்க விடுங்க, ஆனா முதல் லெவல்ல அப்ப ஹிட் பாயின்ட் திரும்ப ஏத்த ஒரே ஒரு ஹிட் டைஸ்தான் உண்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. கெழவி கையால ஆளுக்கு ஒரு ஹீலிங் போஷன் குடுத்துடுங்க, நாலு பக்க டைஸ் ரெண்டு உருட்டி, கூட ரெண்டு சேத்தா, அவ்வளவு ஹிட் பாயின்ட் ஏறும். மந்திரவாதி லிஸ்ட்ல ஸ்லீப்னு ஒரு மந்திரம் இருக்கணும். பழைய ரூல்படி எட்டுப் பக்க டைஸ் அஞ்சு உருட்டி வர்ற அளவுக்கு ஹிட் பாயின்ட் உள்ளவங்களத் தூங்க வைக்கும், சராசரி 22, ஏழு ஏழுன்னு மூணு காப்ளின் அதுலயே சாஞ்சிடும். புது ஆளு முகத்துல அப்பப் பாக்கணும்!

அப்புறம், காப்ளினுங்க இருக்கற எடத்த டைஸுக்குப் பின்னாடி பூட்டி வைக்காதீங்க. "கால் தடம் தெரியுதான்னு உருட்டு"ன்னு சொல்லி, மூணு பேருக்கும் 4, 6, 3 விழுந்தா என்ன பண்ணுவீங்க, கதை ஆத்தங்கரையிலயே உக்காந்துக்கும். கெழவி சொல்லட்டும், இல்ல காலையில மேட்டுல பொகை தெரியட்டும், இல்ல சின்னப் பையன் ஒருத்தன் பாத்திருக்கட்டும். உருட்டுறது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சத்தமில்லாம போறாங்கங்கறதுக்கு மட்டும்.

ரெண்டாவது லெவலுக்கு ஆளுக்கு 300 பாயின்ட் வேணும்னு புக்கு சொல்லும், நாலு காப்ளினையும் அடிச்சாலும் மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அறுபத்தி ஆறுதான் தேறும், பேசியே முடிச்சா அது எத்தனன்னு உக்காந்து யோசிக்கணும். அந்தக் கணக்கத் தூக்கிப் போடுங்க. மணி துறைக்குத் திரும்பி வந்துடுச்சா, எல்லாருக்கும் ரெண்டாவது லெவல். எப்படி வந்துச்சுங்கறது முக்கியமில்ல. கொழந்தை தூங்குறதுக்கு என்ன ஏற்பாடுன்னு உங்க பிளேயர்ஸ்ல ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு மட்டும் பதில் யோசிச்சு வச்சுக்கோங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டம் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும்.