ரஸ்ட் நிரல்மொழியில் சொந்த டைப்புக்குச் சதுர அடைப்புக்குறி: கேள்வி பதில்

கேள்வி: கிரிட் என்று ஒரு ஸ்ட்ரக்ட். உள்ளே ஒரே வெக் (வளரக்கூடிய பட்டியல்), கூடவே அகலமும் உயரமும். கிரிட்[(வரிசை, நிரல்)] என்று படிக்கவும் எழுதவும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: படிக்க இண்டெக்ஸ், எழுத இண்டெக்ஸ்மியூட் என்று இரண்டு ட்ரெய்ட்கள் (ஒரு டைப் என்ன செய்யும் என்று சொல்லும் ஒப்பந்தங்கள்). இரண்டுக்கும் (யூசைஸ், யூசைஸ்) டியூப்பிளைப் பாராமீட்டராகக் கொடுங்கள்; யூசைஸ் என்பது எதிர்மறை இல்லாத முழு எண். அவுட்புட் டைப்பை இண்டெக்ஸில் அறிவித்தால் போதும், மற்றது அதையே எடுத்துக்கொள்ளும். உள்ளே கணக்கு: வரிசை × அகலம் + நிரல்.

ஆனால் அந்தக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். 4 நிரல், 3 வரிசை உள்ள கிரிட்டில் (0, 5) கேட்டால் விடை 5. வெக்கில் 12 இடம் இருப்பதால் அது வாயே திறக்காது. (1, 1) கட்டத்தின் மதிப்பு வந்து நிற்கும். நிரலில் −1 வந்தால் இன்னும் மோசம். ஐ32-ஐ 'ஆஸ்' போட்டு யூசைஸாக மாற்றினால் 64 பிட் கணினியில் அது 18446744073709551615. (1, −1) என்றால் 4-உடன் இது கூடும்: டீபக் பில்டில் ஓவர்ஃப்ளோ (எண் வரம்பு மீறல்) என்று பேனிக் ஆகும், அதாவது பிழையோடு நின்றுவிடும்; ரிலீஸ் பில்டில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்திருக்கும் என்பதால் சுற்றி வந்து 3 ஆகி, (0, 3) கட்டத்தைக் கொடுத்துவிடும். ஆகவே கணக்குக்கு முன்பே 'நிரல் < அகலம்' என்று அசெர்ட் போடுங்கள். டீபக் அசெர்ட் போதாது, ரிலீஸில் அது காணாமல் போய்விடும். எல்லை தாண்டுவது உங்கள் புரோகிராமில் சகஜம் என்றால், ஆப்ஷன் (மதிப்பு அல்லது 'இல்லை') திருப்பும் கெட் மெத்தட் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: யூ64-களில் பிட்டுகளை அடைத்து பிட்செட் (பிட்டுகளின் தொகுப்பு) எழுதுகிறேன். பூல் திருப்பப் பார்த்தால் ரெஃபரன்ஸ்தான் வேண்டும் என்று கம்பைலர் அடம்பிடிக்கிறது.

பதில்: இண்டெக்ஸ் மதிப்பைத் திருப்பாது, டைப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டும். ஒற்றை பிட்டுக்கு முகவரி ஏது? படிக்க மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு: பிட் 1 என்றால் &ட்ரூ, 0 என்றால் &ஃபால்ஸ் திருப்புங்கள். அவை புரோகிராம் முடியும்வரை நிலைக்கும் என்பதால் கம்பைலர் ஏற்கும். எழுதுவதற்கு இண்டெக்ஸ்மியூட்டில் வழியில்லை, செட் என்று சாதாரண மெத்தட் எழுதுங்கள்.

சி++ இதற்கு ப்ராக்ஸி பொருளை, அதாவது அந்த பிட்டுக்குப் பதிலாளாக நிற்கும் ஒன்றைத் திருப்புகிறது. வெக்டர்<பூல்> ஒன்றில் 'ஆட்டோ எக்ஸ் = வி[0]' என்று வாங்கினால் கிடைப்பது நகல் அல்ல; பிறகு வி[0] மாறினால் எக்ஸும் மாறும். ரஸ்ட் அந்தக் கதவை மூடியதே மேல்.

கேள்வி: ஹாஷ்மேப்பில் மேப்[&சாவி] படிக்க வருகிறது, எழுத மட்டும் வரவில்லையே?

பதில்: அதற்கு இண்டெக்ஸ் உண்டு, இண்டெக்ஸ்மியூட் கிடையாது. இல்லாத சாவிக்குக் காட்ட இடமே இல்லை. இன்செர்ட் அல்லது என்ட்ரி பயன்படுத்துங்கள். படிக்கும்போதும் சாவி இல்லாவிட்டால் பேனிக்தான். சி++ மேப் இதே நிலையில் புதிய பதிவு ஒன்றை ஓசையில்லாமல் உருவாக்கிவிடும். கான்ஸ்ட் மேப்பில் அங்கே அடைப்புக்குறி வேலை செய்யாததற்கும் அதுவே காரணம்.

கேள்வி: வி என்பது வெக்குக்குள் வெக். வி[0].புஷ்(வி.லென்()) எழுதினால் ஈ0502 பிழை.

பதில்: முதலில் ஓடுவது வி[0]. அது இண்டெக்ஸ்மியூட் அழைப்பு, முழு வி-யையும் மாற்றத்துக்காகக் கடன் வாங்கிவிடுகிறது. அதன் பிறகு லென் கேட்க இடமில்லை. நீளத்தை முன்வரியில் ஒரு மாறியில் எடுத்துவைத்தால் தீர்ந்தது. ஒரே கிரிட்டின் இரு கட்டங்களை ஒன்றாக மாற்றப் போனாலும் இதே சிக்கல்தான். இடமாற்றம் மட்டும் என்றால் ஸ்லைஸின் ஸ்வாப் போதும், மற்றதற்கு ஸ்ப்ளிட்_அட்_மியூட்.

கேள்வி: பட்டியல் என்பது ஸ்ட்ரிங்களின் வெக். 'லெட் பெயர் = பட்டியல்[2]' என்றால் ஈ0507 பிழை?

பதில்: ஸ்ட்ரிங் காப்பி டைப் அல்ல, இடத்திலிருந்து பிடுங்கி எடுக்க விடாது. முன்னால் & போடுங்கள், அல்லது குளோன்.

கேள்வி: வெக்கை யூ32-ஆல் இண்டெக்ஸ் செய்ய நானே இம்ப்ளிமென்ட் எழுதலாமா?

பதில்: முடியாது. வெக், யூ32, இண்டெக்ஸ் மூன்றில் ஒன்றுகூட உங்கள் க்ரேட்டைச் (ரஸ்ட் தொகுப்பை) சேர்ந்ததல்ல. உதாரணமாக நோட்களும் அவற்றை இணைக்கும் எட்ஜ்களும் உள்ள கிராஃப் என்றால், யூ32-ஐச் சுற்றி நோட்ஐடி என்றும், வெக்கைச் சுற்றி நோட்கள் என்றும் இரு ஸ்ட்ரக்ட் செய்து, இரண்டாவதுக்கு இண்டெக்ஸ்<நோட்ஐடி> எழுதுங்கள். எட்ஜ் எண்ணைத் தவறி நோட் பட்டியலில் போட்டால் கம்பைலரே பிடித்துவிடும்.