சாய்தளம் இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரே ஒரு சிறிய மருத்துவமனை. சக்கர நாற்காலியில் இருக்கும் என் அக்காவை டாக்டர் நாற்காலியிலேயே வைத்துப் பார்த்து அனுப்பிவிடுகிறார். சாய்தளம் இருக்கிறது. வேறென்ன கேட்பது?

பதில்: நிறையக் கேளுங்கள் அம்மா. சாய்தளம் உள்ளே போகத்தான் உதவும். கட்டிலில் படுக்க வைக்காமல் வயிற்றை ஒழுங்காகத் தொட்டுப் பார்க்க முடியாது. கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையும் நடக்காது. பிட்டத்திலும் இடுப்பிலும் வரும் படுக்கைப்புண் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாது. பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் எலும்புவரை இறங்கிய பிறகே தெரியவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரத்தைக் குறைக்கும் கட்டில் இல்லையென்றால், தூக்கி மாற்றப் பழகிய இருவர் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கூடுதல் நேரமும் கேளுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்தே பேசினால், "அக்காவிடமே கேளுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். புதிதாக வரும் வலியை 'இந்த உடம்புக்கு இப்படித்தான்' என்று தள்ளிவிட விடாதீர்கள். எல்லோருக்கும் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது, 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 25-வது பிரிவு. மருத்துவமனைக்கு எழுதும் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பக்கத்தில் இதே நிலையில் இருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.