ஓடும்போதே மயங்கி விழுந்தான் என்றால்...

கேள்வி: 15 வயது மகன், கால்பந்து அகாடமியில் அண்டர்-16 அணியில் ஆடுகிறான். யோ-யோ டெஸ்ட் (பீப் ஒலிக்கேற்ப முன்னும் பின்னும் ஓடும் தாங்குதிறன் சோதனை), ஸ்பிரின்ட் எல்லாவற்றிலும் சீனியர்களைவிட ரொம்பப் பின்தங்கியிருக்கிறான். யூடியூபில் பார்த்துப் புரோட்டீன் பவுடரும், தசை பலத்துக்கு என்று விற்கும் கிரியேட்டின் பவுடரும் கொடுக்கிறோம். முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கிறது. போன வாரம் ஓடும்போது மயங்கி விழுந்து, ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். வெயில்தான் என்றார் கோச். சீனியர் அளவுக்கு இவன் எப்போது வருவான்? – ஒரு தாய், சென்னை

பதில்: அம்மா, அவனை நாளைக்கே இதயநோய் நிபுணரிடம் கூட்டிப்போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடி முடித்து நின்றதும் கண் இருட்டுவது பெரும்பாலும் சாதாரணம். ரத்தம் காலில் தேங்குவதால் வருவது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் தெளிந்துவிடும். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால், அதை வெயிலின் தலையில் கட்டக் கூடாது. இதயத்தசை தடித்திருக்கலாம், துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கலாம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம்; ஆனால் இசிஜியும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) பார்க்காமல் அதை யாரும் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை பயிற்சியும் மேட்சும் கிடையாது.

இரண்டு பக்கக் குடும்பத்திலும் விசாரியுங்கள்: 50 வயதுக்குள் திடீரென இறந்தவர் உண்டா, நன்றாக நீந்தத் தெரிந்தும் மூழ்கியவர் உண்டா, வலிப்பு என்று மருந்து சாப்பிட்டவர் உண்டா? இவற்றின் பின்னாலும் தெரியாமல் போன இதயக் கோளாறு இருந்திருக்கலாம். அவன் விழுந்ததை நேரில் பார்த்த ஒருவரையும் அழைத்துப்போங்கள். கையை ஊன்றி விழுந்தானா, முகம் தரையில் மோதியதா என்பதுகூட டாக்டருக்கு முக்கியம்.

நன்றாக ஓடுகிறவனுக்கு இதயத்தில் என்ன வரும் என்று நினைக்காதீர்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ (ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை) ஆட்டத்தின் நடுவே, டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று சரிந்தார். வயது 29. மைதானத்திலேயே மார்பை அழுத்தி, டிஃபிபிரிலேட்டர் என்ற கருவியால் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். உங்கள் அகாடமியில் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சீனியர்களோடு ஒப்பிடுவதை விடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்தால், நல்ல பயிற்சியுள்ள பதினைந்து வயதுப் பையன்கள் பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவார்கள். இடைவெளி தெரிவது ஸ்பிரின்ட், தாவல், மோதித் தாங்கும் பலம் ஆகியவற்றில். அது தசை, பருவ வளர்ச்சியோடு வருவது. பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் மளமளவென உயர்வார்கள். பலம் கூடுவது அதற்குப் பின்னால்தான். ஒரே அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் நிற்பார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய அவனுடைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள், போதும்.

முட்டிப் புடைப்பு, வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது. ஐஸ் வையுங்கள், குதிப்பதைக் குறையுங்கள். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் வலியும் நிற்கும்.

பவுடர்களை இன்றே நிறுத்துங்கள். முட்டை, பயறு, பால், மீன் போதும். லேபிளில் சொல்லாத ஊக்கமருந்து கலந்த டப்பாக்கள் சந்தையில் உண்டு. துடிப்புக் கோளாறு உள்ள இதயத்தில் அவை என்ன செய்யும் என்பதை யூடியூப் சொல்லாது. எனர்ஜி டிரிங்க் குடிக்கிறான் என்றால் அது உட்பட எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு, டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போங்கள்.