குடிவரும் பைத்தான், கதவு தட்டும் பைத்தான் – கடிதம்

அன்புள்ள சார்,

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. கொரோனா நேரத்தில் யூடியூப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டேன். எடை, விலை, கமிஷன், இறக்குகூலி எல்லாவற்றையும் போட்டால் விவசாயிக்குத் தர வேண்டிய தொகையைச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டு வருடமாகக் கடைக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. இப்போது முதலாளி அதையே போனில் கேட்கிறார். தராசுப் பக்கம் நின்றுகொண்டே கணக்குப் போட வேண்டுமாம்.

என் தம்பி இன்ஜினியரிங் படித்தவன். “பைத்தான் வெறும் ஸ்கிரிப்டிங் மொழி, அதில் ஆப் செய்ய முடியாது, காட்லின் மொழியைக் கற்றுக்கொள்” என்கிறான். தங்கை கோவையில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள். தினமும் பைத்தானில்தான் மொபைல் ஆப்பைச் சோதிக்கிறாளாம். ஆப் செய்ய முடியாத மொழியில் சோதிக்க மட்டும் எப்படி முடியும்? யார் சொல்வது சரி? இதற்குப் புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் அந்த ‘எப்படி முடியும்’ என்ற கேள்வியை, இந்த வேலையிலேயே பல வருடம் இருப்பவர்கள்கூடக் கேட்டுக்கொள்வதில்லை. தங்கை சொல்வது முழுக்கச் சரி. தம்பி சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு போனுக்குள் செயலிகள் ஓடுவதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. காட்லினிலோ ஜாவாவிலோ எழுதியதை அது நேராக எடுத்துக்கொள்ளும். பைத்தானை அதற்குத் தெரியாது. ஆகவே பைத்தான் போனுக்குள் குடிவரும்போது அடுப்பு, அம்மி, உரல் எல்லாவற்றையும் தானே சுமந்து வர வேண்டும். நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரிட்டர், பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளான நூலகங்கள், ஜாவாவோடு பேசுவதற்கு ஒரு பாலம் என்று அத்தனையும், செயலியைப் போனில் நிறுவ உதவும் ஏபிகே கோப்புக்குள் அடைபட்டு வரும். நாலு பொத்தான் உள்ள செயலிகூட அதனால் கனக்கும்; திறக்கும்போது கொஞ்சம் தயங்கும். கணினியில் ‘பிப்’ கட்டளை போட்டு இறக்குகிற நூலகமெல்லாம் போனுக்கு வந்துவிடாது. சி மொழியில் எழுதிய பகுதி அதில் இருந்தால், போனின் சில்லுக்குப் புரியும்படி யாராவது அதைத் தனியாகத் தொகுத்து (கம்பைல் செய்து) வைத்திருக்க வேண்டும்.

சோதிக்கிற பைத்தானோ போனுக்குள் வருவதே இல்லை. அது உங்கள் தங்கையின் லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஆப்பியம் என்ற கருவியைத்தான் அவர் பயன்படுத்துவார், கேட்டுப் பாருங்கள். அவருடைய ஸ்கிரிப்ட் ஆப்பியம் சர்வருக்கு, இணையப் பக்கங்கள் போய்வரும் அதே ஹெச்டிடிபி முறையில் செய்தி அனுப்பும்: இந்தப் பெயருள்ள பொத்தானைத் தேடு, அழுத்து, இப்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல். சர்வர் அதை யூஎஸ்பி கம்பி வழியாகப் போனுக்குக் கடத்தும். அங்கே ஆண்ட்ராய்டின் சொந்தக் கருவியான யுஐ ஆட்டோமேட்டர் வேலையைச் செய்து பதிலைத் திருப்பி அனுப்பும். வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் வீட்டுக்காரருக்கு என்ன? ஹெச்டிடிபி பேசத் தெரிந்த எந்த மொழியும் போதும். பைத்தானும் ரூபியும் ஜாவாஸ்கிரிப்டும் இந்த வேலையில் கொடிகட்டிப் பறப்பது அதனால்தான். எழுதியவுடன் ஓட்டிப் பார்க்கலாம், திருத்தி மறுபடி ஓட்டலாம். தொகுத்து முடியும்வரை டீ குடிக்கப் போக வேண்டியதில்லை.

இந்த இரட்டை நியாயம் பழையது. 2010 ஏப்ரலில் ஆப்பிள், செயலி செய்கிறவர்களோடு போடும் தன் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை மாற்றியது: ஐபோன் செயலியை அப்ஜெக்டிவ்-சி, சி, சி++ மொழிகளில் எழுதியிருக்க வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஆப்பிளின் உலாவி எஞ்சினான வெப்கிட் ஓட்டுவதாக இருக்க வேண்டும். குறி அடோபியின் ஃப்ளாஷ் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் லுவா மொழியை உள்ளே வைத்து விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தவர்களுக்கும் வயிறு கலங்கியது. அதே ஆண்டு ஜூனில், செயலிகளைச் சோதிக்க யுஐ ஆட்டோமேஷன் என்ற கருவியை அதே ஆப்பிள் கொடுத்தது. அதில் சோதனைகளை எழுத வேண்டிய மொழி ஜாவாஸ்கிரிப்ட்! உள்ளே வருவதற்கு ஆயிரம் கெடுபிடி, வாசலில் நிற்க அழைப்பிதழ். செப்டம்பரில் மொழிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். யுஐ ஆட்டோமேஷன் பின்னால் கைவிடப்பட்டது. ஆப்பியம் பிறந்தது அதன் தோளில் ஏறித்தான்.

‘முடியாது’ என்று தம்பி சொல்வதற்கு இன்னொரு பதிலும் உண்டு. நோக்கியா 2000களின் நடுவிலேயே தன் சீரீஸ் 60 போன்களுக்குப் பைத்தான் கொடுத்தது. கேமராவைத் திறப்பது, எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும். அந்தப் போனின் எண் பட்டன்களை மும்மூன்று தடவை அமுக்கி நிரல் எழுதியவர்களுக்குக் கட்டைவிரல் இன்னும் வலிக்கும். 2009-இல் ஆண்ட்ராய்டுக்கும் பைத்தான், லுவா போன்ற மொழிகளில் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்ட ஓர் ஏற்பாடு வந்தது. 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13-இல் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படும் தளங்களின் பட்டியலில் ஏறிவிட்டன, ஆதரவு குறைந்த மூன்றாம் அடுக்கில்தான் என்றாலும். தம்பியிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

சரி, உங்கள் மண்டிக்கு வருவோம். பைத்தானில் போன் செயலி செய்ய இன்று இரண்டு பெரிய பாதைகள். இரண்டும் திரையை அமைக்க உதவும் கருவித்தொகுப்புகள். ஒன்று கிவி. இன்னொன்று பீவேர் குழுவின் டோகா. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு, யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார் என்று குறித்துவைக்க, கிவியில் ஒரு செயலி செய்தேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது ஜம்மென்று இருந்தது. தமிழைப் போட்டதும் வெறும் கட்டங்கள். அதனோடு வருகிற எழுத்துருவில் தமிழ் இல்லை, சரி என்று ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படிப்பகத்துப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “தம்பி, இது என்ன பயெர்?” என்றார். ‘பெயர்’ என்று நான் எழுதியதில் கொம்பு ப-வுக்கு முன்னால் நிற்காமல், பின்னால் போய் ய-வை முட்டிக்கொண்டிருந்தது.

கணினியின் நினைவில் முதலில் ப, அடுத்துதான் கொம்பு என்ற வரிசையில் எழுத்துகள் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது தனி வேலை. போனின் சொந்த எழுத்துப்பெட்டிக்கு அந்த வேலை தெரியும். கிவி போனின் பெட்டியைப் பயன்படுத்துவதில்லை. வெற்றுத் திரையை வாங்கிக்கொண்டு பொத்தான், பெட்டி, எழுத்து எல்லாவற்றையும் தானே வரைகிறது. நான் செய்த காலத்தில், அது வழக்கமாகப் பயன்படுத்திய எழுத்து வரைவி குறியீடுகளை வந்த வரிசையில் அடுக்கிவைப்பதோடு நிறுத்திக்கொண்டது. பிழை என்னுடையதுதான். தமிழ்ச் செயலியைத் தமிழில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் ஆங்கிலத்திலேயே முடித்துவிட்டுப் போயிருந்தேன்.

அதை ஆப்பியம் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது இன்னொரு சுவரில் முட்டினேன். நான் தேடிய எந்தப் பொத்தானும் அதற்குக் கிடைக்கவில்லை. யுஐ ஆட்டோமேட்டர் திரையைப் படமாகப் பார்ப்பதில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் எந்தத் தகவலை நம்பியிருக்கிறதோ, அதே தகவலைத்தான் படிக்கிறது: இங்கே ஒரு பொத்தான், அதன் பெயர் இது என்று ஒவ்வொரு பாகமும் ஆண்ட்ராய்டுக்குச் சொல்லிவைத்திருக்கும் விவரம். கிவி வரைந்த பொத்தானைப் பற்றி ஆண்ட்ராய்டுக்கு ஒன்றுமே தெரியாது. அதன் கணக்கில் முழுத் திரையும் ஒரே ஓவியம். ஆக, எதில் கட்டுகிறோம் என்பதே எப்படிச் சோதிக்க முடியும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. விளையாட்டு செய்கிறவர்களுக்கு இது பெரிய குறை இல்லை. அவர்களுக்கு எப்படியும் எல்லாவற்றையும் வரைந்தாக வேண்டும். விவசாயியின் பெயரும் எடையும் பதிகிற செயலிக்கு இது வேண்டாத தொல்லை.

டோகா வேறு மாதிரி. ‘ஒரு பொத்தான் வை’ என்றால் ஆண்ட்ராய்டின் சொந்தப் பொத்தானையே வாங்கி வைக்கும். தமிழ் எழுத்தைப் போன் பார்த்துக்கொள்ளும், டாக்பேக் வாசிக்கும், ஆப்பியத்துக்கும் கண் தெரியும். கணினியில் அது தருகிற எல்லாப் பாகங்களும் ஆண்ட்ராய்டில் கிடைக்காது என்பது உண்மை. எடை, விலை, பெயர், ஒரு பட்டியல் — உங்களுக்குத் தேவையானது இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் டோகாவில்தான் செய்வேன். தம்பி உதவத் தயார் என்றால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. திரையை அவர் காட்லினில் செய்யட்டும். கணக்குப் போடுகிற உங்கள் பைத்தானைச் சாக்கோபை என்ற கருவி அதற்குள் வைத்துத் தரும். 2022 முதல் அது இலவசம், ஆண்ட்ராய்டுக்கு மட்டும். அண்ணன் தம்பி சண்டையும் தீரும்.

எந்த வழியானாலும் திரையைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் கேள்வி கேட்பது, கணக்குப் போடுவது, அச்சிடுவது எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். முதல் ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் அப்படித்தான். கணக்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். எடையும் விலையும் கொடுத்தால் தொகையைத் தர வேண்டும். போன் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. அப்புறம் பைத்தான் நிரலைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவியை வைத்து அதைக் கணினியிலேயே சோதியுங்கள். நூறு சோதனை இருந்தாலும் ஒரு நொடிக்குள் ஓடி முடிந்துவிடும். ஆப்பியத்தில் அதே நூறும் பொத்தான் பொத்தானாக அழுத்தி முடிக்க உங்கள் பொறுமை போய்விடும். கணக்கைக் கணினியில் சோதித்துக்கொண்டு, ஆப்பியத்துக்கு ஏழெட்டு மட்டும் வையுங்கள்: செயலி திறக்கிறதா, பதிந்தது பட்டியலில் வருகிறதா, பாதிப் பதிவில் போன் வந்தால் போட்டது மிஞ்சுகிறதா, இப்படி. தராசடியில் அது அடிக்கடி நடக்குமே.

கணக்குச் சோதனையில் முதலாவதாக எதை எழுத வேண்டும் என்றும் சொல்கிறேன். பைத்தானின் ‘ரவுண்ட்’ கட்டளையிடம் 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 2 தரும். 3.5-ஐச் சொன்னால் 4 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் விதி. இரண்டு ரூபாய் ஐம்பது காசு ஒருநாள் இரண்டாகவும், மூன்று ஐம்பது இன்னொரு நாள் நான்காகவும் ஆனால் மண்டியில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஓடுகிற ஸ்கிரிப்டில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிற கதையும் அதே வீட்டுப் பிள்ளைதான். தொகையைக் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பைத்தானின் டெசிமல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். ஐம்பது காசை ஏற்றுவதா இறக்குவதா என்பதை உங்கள் மண்டி வழக்கப்படி நீங்களே எழுதி, அதற்கு ஒரு சோதனையும் வையுங்கள்.

லேப்டாப் புதிதாக வேண்டாம். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தாலும், டோகா செயலியை ஏபிகே ஆக்கித் தரும் ப்ரீஃப்கேஸ் அதில் ஓடும். முதல் தடவை ஆண்ட்ராய்டு கருவிகளை இறக்குவதற்கு நிறைய டேட்டா போகும், வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். மண்டியில் நாலு பேர் பயன்படுத்தத்தானே, பிளே ஸ்டோர் பக்கமே போக வேண்டியதில்லை; கோப்பை நேராகப் போனில் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, கையில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு சோதனையாளரும் உண்டு. போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டுக் கணினியில் இணைத்தால், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக ‘மங்க்கி’ என்ற கட்டளையைக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டோடு கூடவே வருவது, பெயருக்கேற்ற குரங்குதான். செயலியின் பெயரையும் ஐந்நூறு என்று ஓர் எண்ணையும் கொடுத்தால், திரையில் கண்ட இடத்திலெல்லாம் ஐந்நூறு தடவை கைவைக்கும். ஒரு விதை எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த தடவையும் அதே வரிசையில் தட்டும். செயலி எங்கே விழுந்தது என்று மறுபடி விழவைத்துப் பார்க்கலாம். ஓட்டுவதற்கு முன் அன்றைய கணக்கை வேறெங்காவது பிரதி எடுத்து வையுங்கள். ‘அழி’ என்ற பொத்தானையும் அது அழுத்தும்.