ஏ.என்.ஏ. பாசிட்டிவ்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: இரண்டு வாரம் கை மூட்டு வலித்தது. ஏ.என்.ஏ. டெஸ்ட்டில் '1:80 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. வலி இப்போது இல்லை. இணையத்தில் தேடினால் லூபஸ் என்கிறது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. (வயது 41, பெண்)

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் லூபஸுக்கான (நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) வாய்ப்பு மிகக் குறைவு. ஏ.என்.ஏ. என்பது செல்லின் உட்கருவோடு ஒட்டும் ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம். அந்த 1:80 என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரத்தத்தின் சீரத்தை (அணுக்கள் நீங்கிய தெளிந்த திரவம்) 80 மடங்கு நீர்க்கச் செய்து, கண்ணாடி ஸ்லைடில் உள்ள மனித செல்களின் மேல் விடுவார்கள். அந்த ஆன்டிபாடி இருந்தால் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒளிரும் சாயம் சேர்த்து இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உட்கருக்கள் பச்சைப் பசேலென்று மினுங்கும். எவ்வளவு நீர்த்த பிறகும் மினுங்குகிறதோ அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். 1:640 என்றால் அதிகம், 1:80 சொற்பம். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 100க்கு சுமார் 13 பேருக்கு 1:80 வரும். 1:160கூட 5 பேருக்கு வரும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் சாதாரணம்.

நான் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பேன். வெயில் பட்டால் கன்னங்கள் சிவந்து தடிக்கிறதா, வாய்ப்புண் அடிக்கடி வருகிறதா, காலையில் விரல்களை மடக்க முடியாமல் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா? எதுவும் இல்லையென்றால், ஒருமுறை மருத்துவரிடம் காட்டி சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஏ.என்.ஏ.வைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'ஸ்பெக்கிள்டு' என்று இருக்கிறது. ஆபத்தா?

பதில்: உட்கரு புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். நோய் இல்லாதவர்களுக்கும் வரும். 'சென்ட்ரோமியர்' என்று இருந்தால் மட்டும், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா, தோல் இறுகுகிறதா என்று கவனிப்போம். அது ஸ்க்லெரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயைக் காட்டலாம்.

கேள்வி: அப்பா காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களில் பலருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகும், அவர்களில் மூட்டுவலி, காய்ச்சலோடு லூபஸ் போன்ற நோயாகவே மாறுவது மிகச் சிலருக்குத்தான். காசநோய் மருந்தைப் பாதியில் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. புதிதாக மூட்டுவலியோ நெஞ்சுவலியோ வந்தால் மருந்து தரும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு வருடமாக லூபஸ். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏ.என்.ஏ. இறங்கவே இல்லை.

பதில்: இறங்காது, அதனால் கவலைப்படாதீர்கள். நோய் அடங்கியிருக்கும்போதும் ஏ.என்.ஏ. உயர்ந்தே இருக்கும். அந்தக் காசுக்கு சிறுநீரில் புரதம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, டி.எஸ்.டி.என்.ஏ. (டி.என்.ஏ.வோடு ஒட்டும் ஆன்டிபாடி), சி3, சி4 (நோய் எதிர்ப்பில் பங்குள்ள ரத்தப் புரதங்கள்) பாருங்கள். நோய் தலைதூக்கினால் அவற்றில்தான் தெரியும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ஏ.என்.ஏ.வோடு 'ரோ' ஆன்டிபாடியும் பாசிட்டிவ். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

பதில்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏ.என்.ஏ. வகைகளில் ஒன்றான ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், 100க்கு சுமார் 2 குழந்தைகளுக்கு இதயத் துடிப்பை மந்தமாக்கலாம். 98 பேருக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள். பிரச்சினை பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் தலைகாட்டும் என்பதால், அதற்கு முன்பே குழந்தையின் இதய எக்கோவைத் தொடங்குவோம். லூபஸுக்குத் தரும் மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் தரலாமா என்று மகப்பேறு மருத்துவரும் வாதநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். இந்த வாரமே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.