யாழ்ப்பாணத்தில் பழைய யன்னல் ஏசியை எப்படி ஒழுங்காக அகற்றுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: வீட்டில் பழைய யன்னல் ஏசி ஒன்று, காற்று வருகிறது, குளிர் இல்லை. புது ஸ்பிளிட் ஏசி பூட்டப் போகிறீர்கள். பழையதை வாசலில் வரும் இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். கடைசியில் அது போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அவர் கைக்குப் போகும் முன் உள்ளே இருக்கும் குளிரூட்டும் காஸை ஒருவர் வந்து சிலிண்டருக்குள் எடுத்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பிரயோசனம் இல்லை.

இரும்புக்காரருக்கு வேண்டியது செம்புக்குழாய். குழாயை வெட்டியவுடன் புஸ்ஸென்று காஸ் எல்லாம் போய்விடும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவருடைய பிழைப்பு. பழைய யன்னல் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-22 என்ற காஸ்தான் இருக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் காஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் போட்டிருப்பார்கள், துரு தின்னாமல் இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஆர்-22 இல் குளோரின் இருக்கிறது, அது ஓசோன் படலத்தை அரிக்கும். அதைவிட, பூமியைச் சூடாக்குவதில் நூறு வருடக் கணக்குக்கு ஒரு கிலோ ஆர்-22 என்பது ஏறத்தாழ 1,810 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். உங்கள் பெட்டியில் 700 கிராம் என்று வைத்தால், வெட்டிய அந்த ஒரு நொடியில் சுமார் 550 லீற்றர் பெற்றோலை எரித்த மாதிரி. வீட்டில் லைட்டை அணைத்து அணைத்துச் சேமித்ததெல்லாம் அதோடு சரி.

இனி ஆளைப் பிடிப்பது. ஏசி திருத்துபவரைத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "தம்பி, காஸ் இழுக்கிற மெஷினும் சிலிண்டரும் கொண்டு வருவீங்களோ?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியைக் கழற்றிய நேரம் நான் முதலில் கேட்டவர், "அது என்னத்துக்கு அண்ணை, திறந்து விட்டாப் போயிடும்" என்றார். அப்படிப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழையுங்கள். யன்னல் ஏசியில் ஸ்பிளிட்டில் இருப்பதுபோல் காஸ் எடுக்கத் தனி வால்வு பெரும்பாலும் இராது. கொம்பிரசருக்குப் பக்கத்தில் மூடி ஒட்டிய சின்னக் குழாயில் துளைக்கும் வால்வு ஒன்றைப் பூட்டித்தான் இழுக்க வேண்டும். அது இல்லாமல் வருபவர் வெறும் ஸ்க்ரூட்ரைவரோடு வந்தவர்தான். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் வேலை முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

கூலி பற்றிப் பேசும்போது உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. ஆர்-22 நாளுக்கு நாள் அருகிவரும் பொருள். ஓசோன் படலத்தைக் காப்பாற்ற நாடுகள் செய்த மொன்றியல் உடன்படிக்கை 1987 இல் வந்தது, இலங்கை 1989 இல் அதில் சேர்ந்தது. அதன்படி எங்களைப் போன்ற நாடுகள் இந்த வகைக் காஸ்களின் பாவனையை அடிப்படை அளவிலிருந்து 2020 இல் 35 சதவீதமும் 2025 இல் 67.5 சதவீதமும் குறைக்க வேண்டும். 2030 இலிருந்து பழைய இயந்திரங்களைத் திருத்த மட்டும் கொஞ்சம் விடுவார்கள். ஊரில் இன்னும் ஆர்-22 ஏசிகள் ஓடுகின்றன, அவற்றுக்கு நிரப்பக் காஸ் வேண்டும். ஆகவே எடுத்த காஸை அவரே வைத்துக்கொள்ளட்டும், கூலியைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாகப் பேசலாம். கொம்பிரசர் எரிந்து போன பெட்டி என்றால் இந்தப் பேரம் எடுபடாது. அந்தக் காஸில் அமிலம் சேர்ந்திருக்கும், சுத்தம் செய்யாமல் இன்னொரு ஏசிக்கு ஏற்ற முடியாது.

உங்கள் பெட்டி குளிராமல் போனதற்கே காஸ் கசிந்தது காரணமாக இருக்கலாம். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறைப் பக்கம் என்றால் உப்புக்காற்று பின்பக்கத்துத் தகடுகளையும் குழாயையும் சும்மா விடாது. எதற்கும் ஏசி திருத்துபவர் மீற்றர் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

காஸ் இல்லாவிட்டாலும் கொம்பிரசருக்குள் எண்ணெய் இருக்கும். கொம்பிரசரை வளவில் வைத்து உடைக்க யாரையும் விடாதீர்கள். எங்கள் ஊரின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது, குடிப்பதும் கிணற்றுத் தண்ணீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பிரேக்கரையும் விழுத்திவிடுங்கள். ஒரு டன் பெட்டி 40, 50 கிலோ வரும், தனியாகத் தூக்க வேண்டாம். பின்பக்கத்து அலுமினியத் தகடுகளில் வெறுங்கையை வைத்தால் பிளேட்டில் வைத்த மாதிரி வெட்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர் அடிக்கும், மூடியைத் திறப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கழற்றியதை வீட்டுக்குப் பின்னால் போட்டு மறந்துவிடுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அடித்தட்டில் மாரி மழை தேங்கினால் அது நுளம்புத் தொட்டி, டெங்குப் பரிசோதனைக்கு வரும் பி.எச்.ஐ. முதலில் பார்ப்பதும் அதைத்தான். குப்பையோடு அனுப்புவதும் வேண்டாம். கல்லுண்டாய்க் குப்பைமேடு எரிந்து புகை கிளம்பியது எல்லோருக்கும் தெரியும். ஆர்-22 நெருப்பில் பட்டால் பொஸ்ஜீன் போன்ற நச்சு வாயுக்கள் வரும்.

குளிரும் பெட்டி என்றால் கோயிலுக்கோ முன்பள்ளிக்கோ கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும் சாமானைத் தானம் செய்தால் கரண்ட் பில்லையும் சேர்த்தே தானம் செய்கிறீர்கள்.

ரிமோட் உள்ள வகை என்றால் அதன் சர்க்கியூட் போர்டைத் தனியாக எடுத்து வையுங்கள். அது இலத்திரனியல் கழிவு, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் உள்ள சேகரிப்பாளர்களிடம்தான் போக வேண்டும். பழைய கைபேசி, சார்ஜர் என்று வீட்டில் கிடப்பதையும் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிடலாம்.

மிச்சம் முழுக்க இரும்பு, செம்பு, அலுமினியம். இப்போது இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள். சிலர் "காஸ் எடுத்த பெட்டிதானே" என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அவர் காசு தருவது நிறைக்கு. காஸ் ஒரு கிலோ கூட வராது, கொம்பிரசருக்குள் இருக்கும் செம்பு அப்படியே இருக்கிறது. விலையில் இறங்காதீர்கள்.